சிவப்புக் காளையின் பின்னங்கால்

பாதாமை மினி லாரியில் ஏற்றி அனுப்பிய நாளிலிருந்து பசு கம்லா வாயை மூடவில்லை. பெருநாள் விடிந்தும் கொட்டகையில் அதே கத்தல். பாதாம் அவள் ஈன்ற காளைதான். ஆனால் பால்குடி மறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இருந்தாலும் பக்கத்துக் கயிறு வெறுமனே தொங்குவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"போதும்டி. போனவன் நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கான்" என்று தவிட்டுத் தண்ணீரை அவள் முன்னால் வைத்தாள் ஜொஹரா. கல்யாணம் ஆகிப் போன மகளைப் பற்றியும் இதே வார்த்தைகளைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷெபாலியைக் கர்ணபுலி ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிட்டகாங் நகரத்தில், இரும்புக் கடைக்காரர் வீட்டில் கொடுத்தார்கள் அல்லவா? அன்றிலிருந்து போவால்காலியில் இருக்கும் இந்த வீட்டாருக்கு அங்கே அனுப்புவதே பிழைப்பாகப் போயிற்று. நோன்பு மாதத்தில் கூடை கூடையாகப் பலகாரம் போனது. கோடையில் மாம்பழமும் பலாப்பழமும் போயின. இப்போது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்துப் பங்கிடக் குர்பானி மாடு. பெண்ணைப் பெற்றவர்கள்தான் சம்பந்தி வீட்டுக்கு மாடு அனுப்பவேண்டும் என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் சிட்டகாங்கில் அதைச் சொல்லிப் பார்க்கிற துணிச்சல் எவனுக்கும் இல்லை.

ஜொஹராவின் புருஷன் மொக்லேஸ் மியா கடைத்தெருவில் தையல்காரர். அவரிடம் குர்பானிக்கென்று இருந்தது பாதாம் ஒன்றுதான். அதையே அனுப்பிவிட்டதால் இந்த வருஷம் அவர்கள் வீட்டில் குர்பானி இல்லை.

அதற்கு ஈடாக ஒன்று திரும்பி வரும். மாடு அனுப்பிய வீட்டுக்கு அதன் பின்னங்கால் ஒன்று முழுதாக, தொடையும் குளம்புமாக, வாழையிலை சுற்றி வந்து சேரவேண்டும். காலையிலேயே, மாப்பிள்ளை பெண் இருவர் கையாலும் வந்தால், பெண் அந்த வீட்டில் மதிப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். நேரம் தப்பி வந்தாலோ, அரைகுறையாக வந்தாலோ, தெருவே அதை எடை போட்டுவிடும். ஜொஹரா அந்தப் பின்னங்காலைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். கறிக்காக அல்ல. மகளின் நிலைமையைச் சொல்ல அந்த வீட்டிலிருந்து வேறு சாட்சி எதுவும் வருவதில்லை. போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும்தான் பதில் வரும்.

தொழுகை முடிந்து மொக்லேஸ் திரும்பியபோது அவர் அக்குளில் ஒரு பச்சைப் பப்பாளி இருந்தது.

"இது எதுக்கு?"

"சும்மாதான். கறிக்குப் போட்டா சீக்கிரம் வெந்துடும்ல."

ஜொஹராவுக்குச் சுருக்கென்றது. "பாதாமுக்கா பப்பாளி? ரெண்டு பல்லு போட்ட எளங்காளை. நான் கையால புல்லு குடுத்து வளத்த உடம்பு. கெழட்டு மாட்டுக்குப் போடுறத எடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

"இருக்கட்டும்னு சொன்னேன், ஷெபாலி அம்மா. வேணாம்னா விடு."

அவர் பப்பாளியைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். பொத்தான் தைக்கும்போது உதட்டில் ஊசியைக் கவ்வியிருப்பாரே, அதே மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு போனார். ஜொஹரா அதைக் கவனித்தாள். பெருநாள் காலையில் மாடில்லாத வாசலில் நிற்பது ஆம்பளைக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று தானே ஒரு காரணம் கட்டிக்கொண்டாள்.

வெயில் ஏறியது. தெரு முழுக்க ரத்தமும் சாம்பிராணியும் மணத்தன. கறி கேட்டு வந்தவர்களை "சாயங்காலம் வாங்க" என்று அனுப்பினாள். எதிர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கறி வந்தது. குர்பானி கொடுக்காத வீடுகளுக்குப் போகிற பங்கு. போன வருஷம்வரை இவள் அவர்களுக்கு அனுப்பிய அதே கிண்ணம். சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்து வாசலுக்கு வந்த கிழவருக்கு அப்படியே கொடுத்தனுப்பினாள்.

மதியத் தொழுகை பாங்கு சொன்ன பிறகுதான் ஆட்டோ வந்து நின்றது.

மாப்பிள்ளை தௌஹித் இறங்கினான். அவன் மட்டும்தான்.

"ஷெபாலி எங்கப்பா?"

"வீடு நெறைய விருந்தாளி, அம்மா. அவதான் எல்லாம் பாத்துக்கணும். நாளைக்கோ நாளன்னைக்கோ கூட்டிட்டு வரேன்."

ஆட்டோக்காரன் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை இறக்கி வைத்தான். வாழையிலை இல்லை. ஜொஹரா பையின் வாயைப் பிரித்தாள். உள்ளே எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது.

"வெட்டிட்டாங்களா?"

"கசாப்புக்காரன் அவசரத்துல எல்லாத்தையும் துண்டு போட்டுட்டான். சொல்றதுக்குள்ள முடிச்சுட்டான்."

"குளம்பு?"

தௌஹித் மாமனாரைப் பார்த்தான். மொக்லேஸ் கிணற்றடியைப் பார்த்தார்.

"அதுவும் எதுலயோ கலந்து போச்சு போல, அம்மா."

பாதாமின் குளம்பு செம்பு நிறம். இந்தப் பக்கத்துச் சிவப்பு மாட்டுக்குக் கொம்பு, கண்ணிமை, வால் குஞ்சம், குளம்பு எல்லாமே சிவப்புதான். உடம்பு சிறிசு. ருசி தெரிந்தவர்கள் அதன் கறிக்கு அடித்துக்கொள்வார்கள். அந்தக் குளம்பைக் கழுவித் தனியாக ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவைத்து, மாப்பிள்ளை வரும்போது கொடுக்கவேண்டும் என்று ஜொஹரா மண்சட்டிகூட எடுத்து வைத்திருந்தாள். சட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

மாப்பிள்ளை சேமியா பாயசத்தை நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். நல்ல பையன்தான். அவனிடம் குறை என்றால் ஒன்றுதான். அவன் அம்மா ரவுஷனாரா தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

ஜொஹரா கறியைக் கழுவி வடியவைத்தாள். பெரிய தேக்சாவில் கொட்டி, அரைத்த சிவப்பு மிளகாய், இஞ்சி, பூண்டு, கொத்துமல்லி, சீரகம், வெந்தயம், ஜாதிக்காய், வறுத்து அரைத்த வேர்க்கடலை, நறுக்கிய வெங்காயம் எல்லாவற்றையும் அதன்மேல் போட்டாள். கடுகெண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். அந்த ஊரில் இதற்குத் தாளிப்பு, வதக்கல் எதுவும் கிடையாது. பச்சையாகவே கையால் பிசையவேண்டும். கறி மசாலாவை வாங்கிக்கொள்கிறவரை பிசைந்து, மூடி, சிறுதீயில் விட்டுவிடவேண்டும். கறி விடுகிற தண்ணீரிலேயே கறி வேகும். கடைசியில் அந்தத் தண்ணீரே சிவந்து கெட்டியாகி எண்ணெய் மிதக்கும் குழம்பாகும்.

பிசையும்போதே கை ஏதோ சொன்னது. கொழுப்பு மஞ்சளாக இருந்தது. இளமாட்டுக் கொழுப்பு வெளுத்து, விரலில் உருகும். இது உருகாமல் விரலோடு வழுக்கியது. நார் ஒவ்வொன்றும் சணல் மாதிரி தடித்திருந்தது.

'நான் என்ன கசாப்புக்காரியா? வெயில்ல கெடந்திருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லி மூடியைப் போட்டாள்.

பிற்பகல் அசர் தொழுகை நேரத்துக்கு மொக்லேஸின் அக்கா நூர்பானு வந்து சேர்ந்தாள். அக்கா என்கிற பொருளில் குடும்பத்துக்கே அவள் 'புபு'. வாய்க்குப் பூட்டில்லாதவள். தன் வீட்டில் குர்பானி கொடுத்திருந்தும், சம்பந்தி வீட்டுக் கால் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காமல் அவளால் தூங்க முடியாது.

"ஏன் பௌமா, வாசன தெருமுனை வரைக்கும் அடிக்குது. தட்டைத்தான் காணோம்" என்று தம்பி மனைவியைக் கேட்டபடி சமையலறைக்குள்ளேயே வந்து மணை போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம், புபு."

ஒரு டீ ஆனது. பேலா பிஸ்கட் ஆனது. இன்னொரு டீயும் ஆனது. அரிசிமாவு ரொட்டிகள் அடுக்கடுக்காகச் சுட்டு ஆறிப்போயின. ஜொஹரா மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு துண்டை அழுத்தினாள். பாதாம் இந்நேரத்துக்கு எலும்பை விட்டுக் கழன்றிருப்பான். இது கரண்டியைத் திருப்பித் தள்ளியது. மறுபடி வெந்நீர் ஊற்றினாள். குழம்பு நிறம் வந்துவிட்டது, மணம் வந்துவிட்டது, எண்ணெய்கூடப் பிரிந்துவிட்டது. கறி மட்டும் அசைவதாக இல்லை.

ஜன்னலில் இருந்த பப்பாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தொடமாட்டேன் என்று திரும்பிக்கொண்டாள்.

"போதும், எடு. பசியில உசுர் போகுது" என்று புபு தட்டை நீட்டினாள்.

முதல் துண்டை வாயில் போட்டாள். மென்றாள். வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்குத் தள்ளி மென்றாள். கடைசியில் விரலைவிட்டு எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"என்னடியம்மா இது, தம்பியோட பழைய செருப்பையா வேகவச்ச?"

"நான்தான் அடுப்ப லேட்டா மூட்டினேன், புபு. தீயும் சரியா எரியல."

"தீயா? என் காதுல பூ வைக்காத. பாரு இந்தக் கொழுப்ப. மஞ்சக் கெழங்கு மாதிரி இருக்கு. இது ஏழெட்டுக் கன்னு போட்ட கெழட்டுப் பசு. பாதாமுக்கு நான் தண்ணி காட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" புபு குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் மூன்று வீட்டுக்குத்தான் கேட்கும். "உன் சம்பந்திக்காரி ஒன்னோட மாட்ட வித்துத் தின்னுட்டு, உனக்கு எவன் வீட்டு எலும்பையோ அனுப்பியிருக்கா. நீ இங்க அடுப்ப ஊதிட்டு இரு."

ஜொஹரா விறகை அடுப்புக்குள் தள்ளினாள். கை சொன்னதைக் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். நூர்பானு சொன்னதை எப்படிக் கேட்காத மாதிரி இருப்பது?

"அக்கா, பெருநாள் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு? தின்னுட்டுப் பேசாம இருங்க" என்றார் மொக்லேஸ், வாசற்படியில் நின்றபடி.

"பல்லு இருந்தாத்தானே திங்கறது! நீ மென்னு பாரேன்."

அவர் மெல்லவில்லை. தட்டையே தொடவில்லை.

புபு போனதும் ஜொஹரா அடுக்குப் பாத்திரத்தை எடுத்துக் கழுவினாள். கீழ்த்தட்டில் கறியும் குழம்புமாக நிரப்பினாள். மேல்தட்டில் ரொட்டிகளை அடுக்கினாள்.

"இது எதுக்கு?"

"வந்த காலிலேர்ந்து முதல் கறி சம்பந்தி வீட்டுக்குப் போகணும்ல. வழக்கந்தானே? எல்லா வழக்கமும் நாமதானே பாக்கறோம். இதையும் பாத்துடுவோம்."

"நாளைக்கு யார்கிட்டயாவது குடுத்தனுப்பலாம்."

"நான் போறேன்."

கூப்பிடாமல் பெண்ணின் அம்மா சம்பந்தி வீட்டுப் படி ஏறுவது அந்த ஊரில் நடக்காத காரியம். மொக்லேஸ் கத்துவார், தடுப்பார், கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்துத்தான் ஜொஹரா புடவையை மாற்றினாள். அவர் ஒரு தரம் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"சரி, போயிட்டு வா. நான் அடுப்பப் பாத்துக்கறேன்" என்றார்.

ஆட்டோ காலூர்காட் பாலத்துக்கு முன்னால் வரிசையில் நின்றது. ஒரே வழிப் பாலம். அந்தப் பக்கத்து வண்டிகள் வந்து முடிந்தால்தான் இந்தப் பக்கம் விடுவார்கள். மடியில் பாத்திரம் சுட்டுக்கொண்டிருந்தது. ஜொஹரா மனதுக்குள் ரவுஷனாராவிடம் பேசிப் பேசிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் பேச்சின் முடிவில் ஷெபாலியின் முகம் குறுக்கே வந்தது. தாய் கொட்டிவிட்டு வந்துவிடலாம். வாங்கிக் கட்டிக்கொள்ளப்போவது அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்கிறவள்தானே. திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகள் போய், வெற்றிலைத் தட்டு மிச்சமிருந்தது. ரவுஷனாரா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"அடடே, சம்பந்தியா! சொல்லாம கொள்ளாம? ஒரு வார்த்த சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்போமே."

"கார்ல வர்ற அளவுக்கு என்ன இருக்கு? முதல் கறி கொண்டுவந்தேன். சூடா இருக்கும்போதே ஒரு வாய் சாப்பிடுங்க."

ஜொஹரா தானே தட்டெடுத்து, ரொட்டி வைத்து, குழம்பு ஊற்றி, நல்ல பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். ஷெபாலி உள்கதவருகே வந்து நின்றாள். பட்டுப் புடவை, கை நிறைய வளையல். அம்மாவைப் பார்த்தும் ஓடி வரவில்லை.

ரவுஷனாரா முன்பல்லால் கடித்தாள். முடியாமல் கடைவாய்க்குத் தள்ளினாள். கூடத்தில் கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மசாலா நல்லா எறங்கியிருக்கு" என்றாள் ஒருவழியாக. "நாங்க குக்கர்ல வச்சோம், சம்பந்தி. விசில் எண்ணி மாளல. நீங்க இன்னும் விறகடுப்புதானா? பாவம்."

"என் மாட்டுக்கு விறகடுப்பு போதும். இது யாரு மாடு, சம்பந்தி?"

ரவுஷனாராவின் முகத்தில் ஒரு நொடிகூடக் கலவரம் வரவில்லை. அதுதான் ஜொஹராவைக் கலக்கியது. ரவுஷனாரா தட்டை நகர்த்தி, கை கழுவ எழுந்தாள்.

"என்னைக் கேட்டா? உங்க பொண்ணையே கேளுங்க. நாங்க ஒருத்தர் மேலயும் ஒண்ணும் திணிக்கல."

ஷெபாலி அம்மாவைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"எதுக்கும்மா வந்த? எல்லார் முன்னாடியும் எதுக்கு இப்படி?"

"பாதாம என்னடி பண்ணாங்க?"

"சந்தையில மாத்தினோம்."

"மாத்தினாங்களா?"

"மாத்தினோம்மா." ஷெபாலி தலையை நிமிர்த்தினாள். "நான்தான் சொன்னேன்."

ஜொஹராவுக்குப் புரியவில்லை. இந்தப் பெண்தான் பாதாமுக்கு முதல் புல்லை ஊட்டியவள். அவன் பிறந்த ராத்திரி கொட்டகையிலேயே சாக்கு விரித்துப் படுத்தவள். பெயர் வைத்ததே அவள்தான்.

"வண்டியிலேர்ந்து எறங்கினதும் தெருவே கூடிடுச்சு. போன வருஷம் இவரோட பெரிய அண்ணி வீட்டுலேர்ந்து யானை மாதிரி ஒண்ணு வந்துச்சாம். பக்கத்து வீட்டுப் பையன் கேக்கறான், 'மாடு எங்கே, கன்னுக்குட்டிதானே எறங்குச்சு'ன்னு. பாதாம் என்னப் பாத்துட்டான். கயித்த இழுத்துட்டு ஓடி வந்து, எல்லார் முன்னாடியும் என் கைய நக்குறான். பெரிய அண்ணி சிரிக்கறா. 'பாருங்க, ஷெபாலியோட தம்பி விருந்துக்கு வந்துட்டாரு'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. உன் மாப்பிள்ளைகூடச் சிரிச்சார்."

"அதுக்காக?"

"நீ இங்க இருந்து பாரும்மா, தெரியும். அன்னைக்கு ராத்திரியே அவர்கிட்ட சொன்னேன், இத எங்கயாவது குடுத்துட்டு வாசல்ல கட்டினா கண்ணு நெறையற மாதிரி ஒண்ணக் கொண்டுவாங்கன்னு. வெள்ளையா, பெருசா ஒரு பசு. வயசு யாருக்குத் தெரியும்? மூணு நாள் வாசல்ல நின்னுச்சு. 'மருமக வீட்டு மாடு'ன்னு எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க. அப்புறம்தான் அத்தை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, ஷெபாலி. மத்தியானத்துலேர்ந்து அந்த அடுப்பு முன்னாடி, என் மாடு என் மாடுன்னு..."

"அழாதம்மா. வெளியில கேக்கும்."

அந்த ஒரு வார்த்தைதான் ஜொஹராவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மகள் அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பாள். வெளியில் கேட்கும் என்கிறாள். அவளுக்கு இப்போது அம்மாவும் அந்தச் சின்ன உடம்புக் காளையும் ஒன்றுதான். யாரும் பார்ப்பதற்குள் வாசலிலிருந்து அப்புறப்படுத்தவேண்டியவை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளப் பசு பெருசுன்னா, அதுக்கு மேல ஏதாவது போட்டிருக்கணுமே. யார் போட்டது?"

ஷெபாலி வளையலைத் திருகினாள்.

"இவர்தான் அப்பா கடைக்குப் போய் அவர்கிட்ட பேசினார். அப்பா சரின்னுட்டார். மிச்சத்த நான் பாத்துக்கறேன், அவகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னார்."

ஜன்னலில் இருந்த பப்பாளி ஜொஹராவின் கண் முன்னால் வந்தது.

காலி அடுக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. கூடத்தைக் கடக்கும்போது ரவுஷனாரா, "குளிர்காலத்துல அரிசிமாவு பீட்டா பலகாரம் அனுப்பும்போது கொஞ்சம் நெறையவே அனுப்புங்க, சம்பந்தி. எங்க வீட்டுல ஆளுக ஜாஸ்தி" என்றாள். தௌஹித் வாசல்வரை வந்து, "ஆட்டோ கூப்பிடட்டுமா, அம்மா?" என்றான். அவனைப் பார்க்காமலே நடந்தாள்.

திரும்பும் வழி முழுக்க ஒரே கேள்விதான். அந்த மனுஷனிடம் மேலே போட என்ன இருக்கிறது? மகள் கல்யாணத்தோடு வீட்டில் இருந்த நகை தீர்ந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. அவருடைய தையல் மிஷின். அதையும் விற்றுவிட்டாரா? பெருநாளுக்கு முந்தைய வாரம் ஒரு நாள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தாரே, அது அதனால்தானா? நாலு ஊர்ப் பெண்களின் ரவிக்கையும் அந்த மிஷினில்தான் தைத்தது. அதில்தான் இந்த வீடு சாப்பிடுகிறது.

கடைத்தெருவில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, பூட்டிய கடையின் பலகை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே உறை போட்டபடி மிஷின் இருந்தது. கால் மிதியில் அவர் செருப்புகூட அப்படியே கிடந்தது. ஜொஹராவுக்கு மூச்சு வந்தது. மனுஷன் புத்தியோடுதான் இருக்கிறார். யாரிடமாவது சொல்லிச் சமாளித்திருப்பார். நாலு வார்த்தை கேட்டுவிட்டு, நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சோறு போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

வீட்டில் விளக்கெரிந்தது. மொக்லேஸ் அடுப்பு முன்னால் மணையில் உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கத் தேக்சாவைக் கிளறிக்கொண்டிருந்தார். ஜன்னலில் பப்பாளி இல்லை. அதன் தோல் தரையில் கிடந்தது.

"வந்துட்டியா, ஷெபாலி அம்மா? வா வா. வெந்துடுச்சு. தொட்டாலே பஞ்சு மாதிரி உதிருது. குழம்பப் பாரு, எப்படிக் கெட்டியாயிருக்கு. நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

அவர் ஒரு தட்டில் போட்டே வைத்திருந்தார். கறி எலும்பை விட்டு நழுவி, குழம்பில் மினுமினுத்தது. மணம் வயிற்றைக் கிள்ளியது. ஜொஹரா உட்காரப் போனாள். பாதி உட்கார்ந்தவள் அப்படியே நின்றாள்.

வீடு அமைதியாக இருந்தது.

இத்தனை நாளாக இந்நேரத்துக்குக் கம்லா சுவரை முட்டிக் கத்துவாள். அந்தக் கத்தலுக்கு மேலேதான் இவர்கள் பேசிக்கொள்ளவே வேண்டியிருந்தது.

விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தவிட்டுத் தண்ணீர் பாதி குடித்தபடி இருந்தது. முளையில் இரண்டு கயிறும் வெறுமனே தொங்கின.

மொக்லேஸ் பின்னாலேயே வந்து நின்றார்.

"பணத்த முன்னாடியே குடுத்துட்டு, பெருநாள் கழிஞ்சு வரேன்னுதான் சொன்னான், மாட்டு வியாபாரி பத்ரு. நீ கெளம்பிப் போனதும் வந்துட்டான். நீ இருக்கும்போது ஓட்டிட்டுப் போனா நீ தாங்க மாட்டேன்னு..." அவர் முகத்து வியர்வையைத் துடைத்தார். "பொண்ணு கேட்டுச்சு, ஷெபாலி அம்மா. போன்ல அழுதுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

ஜொஹரா அவர் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். அழுகை வரவில்லை. அதையெல்லாம் சம்பந்தி வீட்டுச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பாலுக்கு வாங்கினானா, கறிக்கு வாங்கினானா?"

"என்னது?"

"நாளைக்கும் குர்பானி நாள்தான். அவ இன்னும் கன்னு போட்டுக் கறக்கற மாடு. அவன் வாங்கினது பாலுக்கா, கறிக்கான்னு கேக்கறேன்."

மொக்லேஸ் கீழே கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினார்.

"நான் கேக்கலை."

ஜொஹரா முளையிலிருந்து கம்லாவின் கயிற்றைக் கழற்றி, முழங்கையில் சுற்றிக்கொண்டாள். விளக்கோடு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

"இந்நேரத்துல எங்க போற? ஷெபாலி அம்மா!"

அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"நீங்க சாப்பிடுங்க. வெந்துடுச்சுன்னு சொன்னீங்களே."